தெளிவுபடுத்தலாம், மாற்றிவிடக் கூடாது: சிஎஃப் தரநிலையின் குழப்பமான வாசகங்களைச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

காலநிலை, கடல், வானிலைத் தரவைக் கையாளும் யாரும் சிஎஃப் (கிளைமேட் அண்ட் ஃபோர்காஸ்ட்) தரநிலையைத் தாண்டிப் போக முடியாது. அறிவியல் தரவைச் சேமிக்கும் நெட்சிடிஎஃப் வகைக் கோப்புக்குள் இருக்கும் எண்கள் எந்த அளவைக் குறிக்கின்றன, என்ன அலகு, எந்த நேரம், எந்த இடம் என்பதையெல்லாம் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் முறை அது. 1995-இல் வந்த கோர்ட்ஸ் என்ற பழைய முறையை விரிவாக்கி, 2003 அக்டோபரில் இதன் 1.0 பதிப்பு வெளியானது. ஐநாவின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளுக்கு ஆதாரமாக நிற்பது, காலநிலை மாதிரிகளை (கணினியில் ஓடும் உருவகங்களை) ஒப்பிடும் சிமிப் திட்டம். அதன் கோப்புகள் இந்த முறையில்தான் எழுதப்படுகின்றன. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் அதன் ஆறாம் கட்டமான சிமிப்6-க்கு அனுப்பிய தரவும் அப்படித்தான்.

இவ்வளவு பேர் நம்பியிருக்கும் ஆவணத்தில் ஒரு வாக்கியம் இரண்டு விதமாகப் படிக்க இடம்கொடுத்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் எந்தப் பிழைச் செய்தியும் வராது. கோப்பு திறக்கும், வரைபடம் வரும், சராசரி கிடைக்கும். எண் மட்டும் வேறு மாதத்திலோ வேறு உயரத்திலோ போய் உட்கார்ந்திருக்கும். அப்படி ஒரு வாக்கியம் கண்ணில் பட்டால், நாமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டு நகர்ந்துவிடாமல் ஆவணத்தைத் திருத்த முன்வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஆவணம் கிட்ஹப்பில் (பலர் சேர்ந்து நிரலும் ஆவணமும் எழுதும் இணையதளத்தில்) எல்லோருக்கும் திறந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தம் முன்மொழியலாம்.

ஒரே ஒரு நிபந்தனைதான். ஏற்கெனவே சேமிப்பகங்களில் இருக்கும் கோப்புகளின் பொருள் மாறக் கூடாது. தரவு உருவாகிப் பல ஆண்டுகள் கழித்தும் புழக்கத்தில் இருக்கும். ஆகவே முந்தைய பதிப்பின்படி எழுதிய மெட்டாடேட்டா (தரவைப் பற்றிய விவரக் குறிப்பு) புதிய பதிப்பிலும் செல்லுபடியாக வேண்டும், அதே பொருளையும் தர வேண்டும் என்று சிஎஃப் தன் வடிவமைப்புக் கொள்கைகளிலேயே சொல்கிறது. கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்த நிபந்தனையைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

சந்தேகத்தை ஆம்-இல்லை கேள்வியாக்குங்கள்

"இந்தப் பகுதி குழப்பமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. பதிப்பு எண், பகுதி எண், குறிப்பிட்ட வாக்கியம் ஆகிய மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் சந்தேகத்தை ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரே கேள்வியாக எழுதுங்கள்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரு எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொண்டு போகலாம். நேர அச்சைப் பற்றிய பகுதியில் மாதம், ஆண்டு ஆகிய அலகுகளைப் பற்றிப் பல பதிப்புகளாக ஒரு வாசகம் இருந்துவந்திருக்கிறது. அதன் சாரம் இது: ஆண்டு என்ற அலகை எச்சரிக்கையோடு பயன்படுத்தப் பரிந்துரைக்கிறோம், அலகுகளை வரையறுத்து மாற்றித் தரும் யூடியுனிட்ஸ் மென்பொருளில் ஓர் ஆண்டு என்பது மிகச் சரியாக 365.242198781 நாள், அது நாட்காட்டி ஆண்டு கிடையாது. மாதம் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஆகவே அதையும் எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும்.

படிக்கும்போது தெளிவாகத்தான் தெரிகிறது. ஒரு மென்பொருள் எழுதுபவராக உட்கார்ந்து படித்துப் பாருங்கள். 'எச்சரிக்கையோடு' என்பதை எப்படி நிரலாக எழுதுவது? கோப்பைத் திறக்க மறுக்கலாமா? எச்சரிக்கைச் செய்தி போட்டுவிட்டுக் கணக்கிட வேண்டுமா? இங்கே நம் கேள்வி இப்படி அமையும்: "நேர அலகு 'மந்த்ஸ் சின்ஸ் 2000-01-01' (அந்தத் தேதியிலிருந்து எத்தனை மாதம்) என்று இருந்து, நேர மதிப்பு 1 என்று இருந்தால், அது 2000 பிப்ரவரி 1-ஐக் குறிக்கிறது என்று ஒரு மென்பொருள் எடுத்துக்கொள்வது சரியா?" இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லியாக வேண்டும்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று இனம் காணுங்கள்

குழப்பங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. வகை தெரிந்தால்தான் மருந்து தெரியும்.

ஒரு சொல்லுக்கு அன்றாடப் பொருள் ஒன்று, ஆவணத்தின் பொருள் வேறொன்று என்பது முதல் வகை. மாதம் அப்படித்தான். இதைவிட நல்ல எடுத்துக்காட்டு 'கிரிகோரியன்' என்ற நாட்காட்டிப் பெயர். 1582 அக்டோபர் 15-க்கு முந்தைய தேதிகளும் கிரிகோரியன் கணக்கில்தான் வரும் என்று பெயரைப் பார்த்தவர் நினைத்துக்கொள்வார். ஆனால் சிஎஃப்பில் அந்தப் பெயர் குறித்தது கலப்பு நாட்காட்டி: ஜூலியன் கணக்கில் 1582 அக்டோபர் 4 வரை போய், அடுத்த நாளே அக்டோபர் 15 என்று தாவும். தூய கிரிகோரியன் கணக்குக்கு 'புரோலெப்டிக் கிரிகோரியன்' என்று தனிப் பெயர் இருக்கிறது. இதைச் சமூகம் எப்படிச் சரிசெய்தது என்பதைக் கவனியுங்கள். 'கிரிகோரியன்' என்ற சொல்லுக்குப் புதுப் பொருள் கொடுக்கவில்லை. 'ஸ்டாண்டர்ட்' என்ற இன்னொரு பெயரை முன்னிறுத்தி, பழைய பெயரை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒதுக்கி, ஆனால் அதற்கிருந்த பொருளை அப்படியே காப்பாற்றிவைத்தார்கள். பழைய கோப்பு ஒன்றுகூடப் பொருள் மாறவில்லை.

மௌனம் இரண்டாவது வகை. ஒரு பண்பு (மாறியோடு சேர்த்துக் கோப்பில் எழுதும் குறிப்பு) இருந்தால் என்ன பொருள் என்று சொல்லிவிட்டு, இல்லாவிட்டால் என்ன என்று சொல்லாமல் விடுவது. சில இடங்களில் சிஎஃப் இதை நன்றாகவே கையாள்கிறது. நேர மண்டலம் எழுதாவிட்டால் யுடிசி என்ற உலகப் பொது நேரம். கேலண்டர் பண்பு இல்லாவிட்டால் ஸ்டாண்டர்ட். ஒரு மதிப்பு சராசரியா, கூட்டுத்தொகையா என்பது போன்றவற்றைச் சொல்லும் 'செல் மெத்தட்ஸ்' பண்புக்கும் இயல்பு விதி உண்டு, ஆனால் அது கொஞ்சம் சிக்கலானது. வெப்பநிலை போல, கட்டத்தின் (ஒரு மதிப்புக்கு உரிய இடம் அல்லது காலத் துண்டின்) அளவைச் சாராத மாறியென்றால் அந்தப் புள்ளியின் மதிப்பு என்று கொள்ள வேண்டும். மழை அளவு போல, கட்டத்தின் அளவோடு சேர்ந்து கூடும் மாறியென்றால் கூட்டுத்தொகை. பயனர்கள் சிலருக்கு இந்த வேறுபாடு புரியாமல் போகலாம், ஆகவே ஒவ்வொரு மாறிக்கும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள் என்று ஆவணமே பரிந்துரைக்கிறது.

மூன்றாவது வகை கட்டாயத்தின் அளவு. 'மஸ்ட்' என்றால் கட்டாயம், 'ஷுட்' என்றால் பரிந்துரை, 'மே' என்றால் விருப்பம் என்று இணையத் தரநிலைகளுக்கு 1997-இல் ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம் வரையறை கொடுத்தது. பேச்சு ஆங்கிலத்தில் 'ஷுட்' சில நேரம் கட்டாயத்தையும் குறிக்கும். பல ஆண்டுகளாகப் பலர் எழுதிச் சேர்த்த ஆவணத்தில் ஒருவரின் 'ஷுட்' இன்னொருவரின் 'மஸ்ட்'டாக இருக்க வாய்ப்பு உண்டு. சிஎஃப்பில் இதற்குத் துணையாக இணக்க ஆவணம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் எது கட்டாயம், எது பரிந்துரை என்று அது பிரித்துச் சொல்லும். முதன்மை ஆவணமும் இணக்க ஆவணமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடம் கண்ணில் பட்டால், அது நிச்சயமாகத் திருத்த வேண்டிய இடம்தான்.

கடைசியாக எடுத்துக்காட்டுகள். வாசகம் ஒன்று சொல்லும், கீழே உள்ள எடுத்துக்காட்டு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். மக்கள் வாசகத்தைவிட எடுத்துக்காட்டைத்தான் நகலெடுப்பார்கள் என்பதால் இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

சுற்றியுள்ள எல்லாவற்றையும் படித்துவிடுங்கள்

சந்தேகங்களில் கணிசமான பகுதி இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும். ஆவணத்தின் தொடக்கத்தில் இருக்கும் கலைச்சொல் பகுதி, பண்புகளைப் பட்டியலிடும் பின்னிணைப்பு, இணக்க ஆவணம், மாற்ற வரலாறு, கிட்ஹப்பில் மூடப்பட்ட பழைய இஷ்யூக்கள் (விவாதப் பதிவுகள்) என்ற வரிசையில் போங்கள். நெட்சிடிஎஃப் பயனர் கையேட்டையும் யூடியுனிட்ஸ் வரையறைகளையும் சிஎஃப் பல இடங்களில் சார்ந்திருக்கிறது. அதனால் குழப்பம் அங்கே தொடங்கி இங்கே வந்து சேர்ந்திருக்கவும் கூடும்.

'சர்ஃபேஸ் டெம்பரேச்சர்' என்ற ஸ்டாண்டர்ட் நேமை (மாறி எந்த அளவைக் குறிக்கிறது என்று சொல்லும் பொதுப்பெயரை) எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் எடுத்த காற்று வெப்பநிலைக்கு இந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறவர்கள் உண்டு. பெயர்ப் பட்டியலில் உள்ள வரையறையைப் படித்தால் விஷயம் முடிந்தது. 'சர்ஃபேஸ்' என்றால் வளிமண்டலத்தின் கீழ் எல்லை. காற்று வெப்பநிலைக்கு 'ஏர் டெம்பரேச்சர்' என்ற பெயரும் கூடவே உயரத்தைச் சொல்லும் ஓர் ஆயமும் (கோஆர்டினேட்) வேண்டும். இங்கே ஆவணத்தில் குறை எதுவும் இல்லை. (ஸ்டாண்டர்ட் நேம்களைச் சேர்க்கவும் திருத்தவும் தனி நடைமுறை இருக்கிறது. இந்த வழிகாட்டி அதைப் பற்றியது அல்ல.)

வேண்டுமென்றே திறந்துவிட்ட வாசகமா என்று பாருங்கள்

பலர் தவறவிடும் படி இது. சில வாக்கியங்கள் தெளிவில்லாமல் இருப்பதற்குக் காரணம் அலட்சியம் அல்ல. கடுமையாக்கினால் நியாயமான தரவு வெளியே தள்ளப்படும் என்பதற்காகவே அப்படி விட்டிருப்பார்கள்.

கட்ட எல்லைகளைப் பற்றிய பகுதி 7.1-இல் அப்படி ஒரு வாக்கியம் உண்டு. எல்லைகள் கொடுக்கப்படாவிட்டால், புள்ளி கட்டத்தின் நடுவில் இருப்பதாக ஒரு மென்பொருள் நியாயமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இந்தத் தரநிலை கேட்கவில்லை என்பது அதன் சாரம். முதல் பார்வையில் எரிச்சல் வரும். நடுவா, இல்லையா என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாதா?

நம் ஊர் மழைக் கணக்கை வைத்து இதை யோசித்துப் பாருங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஒரு நாள் மழை என்பது முதல் நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்தது. அந்த மறுநாள் தேதியில்தான் பதிவாகும். 2015 டிசம்பர் 2 என்ற தேதியில் தாம்பரத்துக்கு எதிரே இருக்கும் 49 சென்டிமீட்டர், பெரும்பகுதி டிசம்பர் 1 அன்று பகலிலும் இரவிலும் பெய்தது. இதை நெட்சிடிஎஃப்பில் எழுதும்போது நேர மதிப்பு காலத்தின் கடைசியில் நிற்கிறது, நடுவில் இல்லை. காலை 8.30 என்பது யுடிசியில் 03:00. ஆகவே எல்லைகள் 2015-12-01 03:00, 2015-12-02 03:00 என்று வரும். 'புள்ளி நடுவில்தான் இருக்க வேண்டும்' என்று தரநிலை கட்டாயப்படுத்தியிருந்தால் இப்படி எழுதப்பட்ட கோப்புகள் எல்லாம் தவறாகிவிடும். எல்லையைக் குறிக்கும் 'பவுண்ட்ஸ்' மாறியைச் சேர்த்துவிட்டால் குழப்பமே இல்லை. அதைச் சேர்க்காமல் விட்டால், காலநிலை மாதிரியின் டிசம்பர் 2 மழையை நிலையத்தின் டிசம்பர் 2 மழையோடு ஒப்பிட்டு மாதிரி தவறு என்று ஒருவர் முடிவுகட்டிவிடுவார்.

இப்படிப்பட்ட இடத்தில் விதியை இறுக்கக் கேட்காதீர்கள். ஏன் திறந்திருக்கிறது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். பவுண்ட்ஸ் எழுதும்படி பரிந்துரையை வலுப்படுத்தச் சொல்லலாம். விதியை அப்படியே விட்டு, அதன் காரணத்தைத் தெளிவாக்குவதும் தெளிவுபடுத்தல்தான்.

இரண்டு வாசிப்புகளையும் பிரித்துக்காட்டும் குட்டிக் கோப்பு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய உங்களுக்கு நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள். இரண்டு வாசிப்பும் வெவ்வேறு விடை தரும் மிகச் சிறிய கோப்பு ஒன்றை உருவாக்குவது. நெட்சிடிஎஃப்பை எழுத்தாக எழுதும் சிடிஎல் வடிவில் பத்துப் பதினைந்து வரி போதும். என்சிஜென் கருவி அதை நெட்சிடிஎஃப்பாக மாற்றித் தரும்.

நம் மாத எடுத்துக்காட்டுக்கு நேரப் பரிமாணத்தின் நீளம் 3. அலகு 'மந்த்ஸ் சின்ஸ் 2000-01-01'. மதிப்புகள் 0, 1, 2. வேறு எதுவும் வேண்டாம்.

முதல் வாசிப்பில் மாதம் என்பது நாட்காட்டி மாதம். மூன்று மதிப்புகளும் ஜனவரி 1, பிப்ரவரி 1, மார்ச் 1 ஆகிய தேதிகளைத் தரும். கோப்பை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது இதைத்தான்.

இரண்டாவது வாசிப்பு யூடியுனிட்ஸ் வரையறையின்படி. 365.242198781-ஐ 12-ஆல் வகுத்தால் ஒரு மாதம் 30.43685 நாள். மதிப்பு 0 ஜனவரி 1 நள்ளிரவு. மதிப்பு 1 ஜனவரி 31 காலை 10 மணி 29 நிமிடம் 4 விநாடி. மதிப்பு 2 மார்ச் 1 இரவு 8 மணி 58 நிமிடம் 8 விநாடி. உற்றுப் பாருங்கள்: பிப்ரவரியில் ஒரு தேதிகூட இல்லை. மாதவாரியாகப் பிரித்துச் சராசரி எடுக்கும் நிரலில் இந்தக் கோப்பைக் கொடுத்தால் ஜனவரிக்கு இரண்டு மதிப்பு, மார்ச்சுக்கு ஒன்று, பிப்ரவரி வெறுமை.

360 நாள் நாட்காட்டியில் ஓடும் மாதிரிகளுக்கு நிலைமை இன்னும் மோசம். பிரிட்டனின் ஹேட்லி மையத்து மாதிரிகள் அந்த நாட்காட்டியைப் பயன்படுத்திவந்திருக்கின்றன. அங்கே ஒவ்வொரு மாதமும் சரியாக 30 நாள். யூடியுனிட்ஸ் மாதத்தில் கணக்கிட்டால் 1200 மாதத்தில், அதாவது நூறு மாதிரி ஆண்டுகளில், 524 நாள் வித்தியாசம் சேர்ந்துவிடும். கிட்டத்தட்ட ஒன்றரை ஆண்டு.

இந்தக் கோப்பும் இந்த எண்களும் கையில் இருந்தால் 'இது அப்படியொன்றும் பெரிய குழப்பம் இல்லையே' என்று யாரும் சொல்ல முடியாது. மாறாக, எவ்வளவு முயன்றும் இரண்டு வாசிப்புக்கும் வெவ்வேறு விடை தரும் கோப்பை உருவாக்க முடியவில்லையென்றால், அந்தக் குழப்பம் நடையில் மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம். திருத்தினால் நல்லது, ஆனால் அவசரம் இல்லை.

மென்பொருளும் பழைய தரவும் என்ன சொல்கின்றன

அடுத்து அதே கோப்பைப் புழக்கத்தில் உள்ள கருவிகளில் ஓடவிடுங்கள். யூடியுனிட்ஸ் தன் வரையறைப்படி கணக்கிடும். பைத்தானின் சிஎஃப்டைம் நூலகம் 360 நாள் நாட்காட்டியைத் தவிர மற்றவற்றில் 'மந்த்ஸ் சின்ஸ்' அலகை ஏற்க மறுக்கும். எக்ஸ்அரே என்ற இன்னொரு பைத்தான் நூலகத்தில் நேரத்தைப் பெயர்க்க முடியவில்லை என்று பிழை வரும். நீங்கள் தினமும் கையாளும் மற்றக் கருவிகளையும் சோதித்து, கருவியின் பெயர், பதிப்பு, கிடைத்த விடை ஆகியவற்றை ஒரு சிறு அட்டவணையாக எழுதிவையுங்கள்.

ஒரே வாசகத்தைப் படித்த ஒரு குழு கணக்கிடுகிறது, இன்னொரு குழு மறுக்கிறது. வாசகம் தெளிவில்லை என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி கிடைக்காது. பழைய கோப்புகள் எந்த வாசிப்பில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதையும், உங்களுக்கு எட்டும் சேமிப்பகங்களில் தேடிப் பாருங்கள். இரண்டு வகையும் புழக்கத்தில் இருந்தால், எந்தத் திருத்தம் யாரைப் பாதிக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் 'எனக்குத்தான் புரியவில்லை போல' என்று ஒதுங்கிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி ஒதுங்காதீர்கள். இந்தத் தரநிலையைப் பயன்படுத்துகிறவர்களில் பெரும் பகுதியினர் நம்மைப் போன்றவர்கள்தான். எழுதியவர் மனதில் இருந்ததைப் பழக்கத்தால் ஊகிக்காமல், எழுத்தில் உள்ளதை உள்ளபடி படிக்கிறவர் கண்ணுக்குத்தான் ஓட்டை முதலில் தெரியும்.

குறைத்திருத்தமா, விரிவாக்கமா

சிஎஃப் நடைமுறையில் முன்மொழிவுகளுக்கு இரண்டு பாதைகள் உண்டு. எழுத்துப்பிழை, விடுபட்டது, தெளிவில்லாதது, முன்னுக்குப்பின் முரணானது போன்றவை குறைத்திருத்தம். மூன்று வாரத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் அது ஏற்கப்பட்டுவிடும். தரநிலை சொல்லும் பொருளையே கூட்டுவதோ மாற்றுவதோ விரிவாக்கம். அதற்கு ஒரு நடுவர் உரையாடலைத் தொகுத்து நடத்துவார், மற்றவர்கள் வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும், எழுந்த எதிர்ப்புகள் தீர்ந்திருக்க வேண்டும்.

எந்தப் பாதை என்று முடிவு செய்ய ஒரு கேள்வி போதும்: இந்தத் திருத்தம் வந்த பிறகு, நேற்றுவரை இணக்கமாக இருந்த ஏதாவது ஒரு கோப்பு இணக்கமற்றதாகுமா, அல்லது அதன் பொருள் மாறுமா? ஆம் என்றால் அது விரிவாக்கம்தான். எவ்வளவு சின்னச் சொல்லாக இருந்தாலும் சரி.

மாத எடுத்துக்காட்டில் 'இந்த அலகு நாட்காட்டி மாதத்தைக் குறிக்காது' என்று ஒரு வரி சேர்ப்பது குறைத்திருத்தம். ஆண்டைப் பற்றி ஏற்கெனவே சொன்னதைத்தான் மாதத்துக்கும் வெளிப்படையாகச் சொல்கிறோம். 'மாத அலகைப் பயன்படுத்தக் கூடாது' என்பது விரிவாக்கம். 'மாதம் என்றால் இனி நாட்காட்டி மாதம்' என்பது அதைவிட மோசம், ஏனென்றால் யூடியுனிட்ஸ் வரையறையை நம்பி எழுதிய கோப்புகளின் தேதிகள் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும்.

இந்தப் பிரிவினையில் நேர்மையாக இருப்பது முக்கியம். சீக்கிரம் முடியட்டும் என்று விரிவாக்கத்தைக் குறைத்திருத்தமாகக் காட்டினால், யாராவது ஒருவர் கண்டுபிடித்து எதிர்ப்பார். அதற்குப் பிறகு உங்கள் நல்ல முன்மொழிவுகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். சில நேரம் தெளிவுபடுத்தலாகத் தொடங்குவது உண்மையிலேயே பெரிதாக வளர்ந்துவிடும். லீப் விநாடிகளைப் (பூமியின் சுழற்சியோடு கடிகாரத்தைப் பொருத்த அவ்வப்போது சேர்க்கும் விநாடிகளைப்) பற்றிய கேள்வி அப்படித்தான். 1972 முதல் 2016 முடிய 27 லீப் விநாடிகள் சேர்க்கப்பட்டன. 'செகண்ட்ஸ் சின்ஸ்' என்று எழுதும்போது அவை கணக்கில் உண்டா இல்லையா என்று கேட்கப்போய், விஷயம் நாட்காட்டி வரையறைகளையே தொட்டு, ஆண்டுக்கணக்கில் பேசப்பட்டது. அந்த மாதிரி நேரத்தில், உடனே தெளிவுபடுத்த முடிந்த பகுதியைத் தனியாகப் பிரித்து முதலில் முடித்துவிடுங்கள்.

வாசகத்தை எழுதுதல்

இப்போதுதான் எழுத வேண்டும். இதற்கு முன்னால் எழுதத் தொடங்கினால் எழுதியதையே காப்பாற்ற வாதாடிக்கொண்டிருப்போம்.

ஒரு வாக்கியத்தில் ஒரு விதி. யார் செய்ய வேண்டும் என்பது வாக்கியத்தில் இருக்க வேண்டும். தரவை எழுதுகிறவருக்கான விதியும் தரவைப் படிக்கும் மென்பொருளுக்கான விதியும் ஒரே வாக்கியத்தில் கலந்துகிடப்பது சிஎஃப் மாதிரி ஆவணங்களில் அடிக்கடி வரும் கோளாறு. 'எச்சரிக்கையோடு', 'பொருத்தமான', 'வழக்கமாக', 'தேவைப்பட்டால்' போன்ற சொற்களைக் கண்டால், அவற்றின் இடத்தில் சோதித்துப் பார்க்கக்கூடிய நிபந்தனை ஒன்றை வைக்க முடியுமா என்று பாருங்கள். கலைச்சொல் பகுதியில் வரையறுத்த சொல்லை அப்படியே பயன்படுத்துங்கள். நடை அழகுக்காக வேறு சொல் போட்டால், இரண்டும் வெவ்வேறு பொருளோ என்று படிப்பவர் யோசிப்பார். பண்பு இல்லாதபோது என்ன, மதிப்புகள் ஒன்றோடொன்று முரண்படும்போது எது செல்லும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மாத எடுத்துக்காட்டுக்கு நான் எழுதிப் பார்க்கும் வாசகத்தின் சாரம் இது. "மாதம் என்ற அலகு எப்போதும் 365.242198781 நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் குறிக்கும். எந்த நாட்காட்டியிலும் அது நாட்காட்டி மாதத்தைக் குறிக்காது. நாட்காட்டி மாதங்களுக்கான தரவை எழுதுகிறவர், நேர மதிப்புகளை நாள் அலகில் கொடுத்து, ஒவ்வொரு மாதத்தின் தொடக்கத்தையும் முடிவையும் எல்லை மாறியில் கொடுக்கப் பரிந்துரைக்கிறோம்." முதல் இரண்டு வாக்கியங்கள் பொருளைச் சொல்கின்றன, மூன்றாவது எழுதுகிறவருக்கு வழி காட்டுகிறது. 'எச்சரிக்கை' போய்விட்டது. ஆனால் இங்கேயே இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள்: 'எந்த நாட்காட்டியிலும்' என்ற சொல், 360 நாள் நாட்காட்டியில் மாதத்தை 30 நாளாக எடுத்துக்கொள்ளும் சிஎஃப்டைமோடு மோதுகிறது. அந்த மோதலை முன்மொழிவிலேயே எழுதி, மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். மறைத்தால் பிறகு வெடிக்கும்.

எழுதி முடித்ததும், பின்னணி தெரியாத ஒருவரிடம் வாசகத்தை மட்டும் கொடுத்து, உங்கள் குட்டிக் கோப்பின் மூன்று தேதிகளைக் கையால் எழுதச் சொல்லுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். அவர் திரும்பிக் கேள்வி கேட்டால், அந்தக் கேள்விக்கான பதில்தான் வாசகத்தில் விடுபட்டது.

முன்மொழிவும் அதற்குப் பின்னும்

கிட்ஹப் இஷ்யூவில் தலைப்பே விஷயத்தைச் சொல்ல வேண்டும். உள்ளே தற்போதைய வாசகம், இரண்டு வாசிப்புகள், குட்டிக் கோப்பு, கருவிகளின் அட்டவணை, உங்கள் வாசகம், அது ஏன் குறைத்திருத்தம் அல்லது விரிவாக்கம் என்ற காரணம் என்ற வரிசையில் எழுதுங்கள். பழைய வாசகத்தை எழுதியவர்களைக் குறை சொல்லும் தொனி வேண்டாம். அவர்களில் பலர் இன்றும் அதே உரையாடலில் இருக்கிறார்கள், அந்த வாக்கியம் அப்படி வந்ததற்கான காரணம் அவர்களுக்குத்தான் தெரியும்.

மறுப்பு வந்தால் முதலில் அந்த மறுப்பை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டேனா என்று கேளுங்கள். உரையாடல் நீண்டுபோனால் ஒரு சுருக்கம் போடுங்கள்: எதில் ஒத்துப்போயாயிற்று, எது பாக்கி, வாசகத்தின் இப்போதைய வடிவம் என்ன. புதிதாக வருகிறவர் அந்த ஒரு பதிவை மட்டும் படித்தால் போதும் என்றிருக்க வேண்டும்.

ஆவணம் ஆஸ்கிடாக் என்ற எழுத்துக் கோப்பு வடிவில் இருக்கிறது. புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) போடும்போது முதன்மை வாசகத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இணக்க ஆவணம், பண்புகளின் பின்னிணைப்பு, பாதிக்கப்படும் எடுத்துக்காட்டுகள், மாற்ற வரலாறு ஆகியவற்றையும் அதே நேரத்தில் திருத்த வேண்டும். அதே விதி வேறு பகுதியில் வேறு சொற்களில் மறுபடி வருகிறதா என்று தேடுங்கள். வந்தால், இரண்டாவது இடத்தில் விதியைத் திரும்ப எழுதுவதைவிட முதல் இடத்தைச் சுட்டுவது நல்லது. ஒரே விதி இரண்டு இடத்தில் இருந்தால், என்றைக்காவது ஒன்றை மட்டும் யாராவது திருத்துவார்கள்.

ஏற்கப்பட்ட பிறகும் வேலை கொஞ்சம் இருக்கிறது. சிஎஃப் செக்கர், ஐஊஸ் கம்ப்ளையன்ஸ் செக்கர் போன்ற சோதனைக் கருவிகளுக்குத் தகவல் கொடுங்கள், உங்கள் குட்டிக் கோப்பைச் சோதனைக் கோப்பாகத் தாருங்கள். ஒவ்வொரு கோப்பின் 'கன்வென்ஷன்ஸ்' பண்பிலும் எந்தப் பதிப்பின்படி எழுதப்பட்டது என்று இருக்கும். திருத்தம் வந்துவிட்டது என்பதற்காகப் பழைய கோப்புகளில் அந்த எண்ணை மட்டும் உயர்த்தாதீர்கள். கோப்பு முழுவதும் புதிய பதிப்புக்கு இணங்குகிறது என்று சோதித்த பிறகே மாற்ற வேண்டும்.

உங்கள் சொந்தத் தரவில் மாத அலகு இருந்தால் மாற்றுவது எளிது. அலகை 'டேய்ஸ் சின்ஸ் 2000-01-01' ஆக்குங்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களின் எல்லைகள் முறையே 0-31, 31-60, 60-91. நேர மதிப்புகளாக நடுப்புள்ளிகளை வைத்தால் 15.5, 45.5, 75.5. 'செல் மெத்தட்ஸ்' பண்பில் அந்த மதிப்பு மாதச் சராசரியா, கூட்டுத்தொகையா என்று எழுதுங்கள். முன்பு இருந்த அலகு என்ன, எந்த வாசிப்பின்படி பெயர்த்தீர்கள் என்பதைக் கோப்பின் 'ஹிஸ்டரி' பண்பில் தேதியோடு ஒரு வரியாகப் பதிந்துவையுங்கள்.